விடை கொடுக்காத தீவு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடலோரத்துச் செம்மணல் நாட்டை மாவலிராயன் என்று ஒரு ராசா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் அப்புறம் யார் பேச்சும் காதில் ஏறாது. மகள் இளமயிலுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், நாலு நாள் கப்பல் பயணத்தில் இருக்கிற சங்குமுனைத் தீவின் தலைவர் லகுமாவை நானே போய் அழைப்பேன் என்று அடம்பிடித்தான். ஓலை அனுப்பலாமே என்றார்கள் மந்திரிகள். கேட்டால்தானே.

கூடப் போனவர்களில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் சித்திரமொழியார். அயல்நாட்டு மரியாதையெல்லாம் தமக்கு அத்துப்படி என்று சொல்லிச் சொல்லியே சபையில் பெரிய ஆசனம் பிடித்தவர். நம் நாட்டு எல்லையைத் தாண்டியதே கிடையாது. இன்னொருவன் பூவலிங்கம், ராசாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவன். ராசா அவனோடு சிரித்துப் பேசினால் சித்திரமொழியாருக்கு வயிறு எரியும்.

தீவில் இறங்கியதும் லகுமா முகம் மலர வரவேற்றார். நம் வியாபாரிகள் போய்வருகிற தீவு என்பதால் அங்கே எல்லோருக்கும் நம் பேச்சு ஓரளவு தெரியும். தனக்கு மூட்டுவலி, அவ்வளவு தூரம் கடலில் வர முடியாது என்று வருத்தப்பட்டு, மணப்பெண்ணுக்கு ஒரு முத்துமாலை கொடுத்தார். பிறகு பன்னிரண்டு வகை மீனோடு விருந்து.

சாப்பிட்டு முடித்து ராசா உட்கார்ந்தான். நம்மூர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வீட்டுக்காரர் வெற்றிலை பாக்கு கொடுத்து, "போய் வாருங்கள்" என்று வாய் நிறையச் சொன்னால்தான் விருந்தாளி எழுந்திருப்பான். லகுமா சொல்லவில்லை. சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். ராசாவும் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். பொழுது சாய்ந்ததும் பாய் போட்டார்கள். மறுநாளும் அதே விருந்து, அதே சிரிப்பு.

ராசாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சித்திரமொழியாரைக் கூப்பிட்டுக் கேட்டான். இந்தத் தீவில் விடை வாங்காமல் எழுந்தால் கொலைக்குற்றத்துக்குச் சமம், ஏட்டில் இருக்கிறது என்றார் அவர். எந்த ஏட்டில் என்று பூவலிங்கம் கேட்டான். நீ வெற்றிலையை மடி என்று அவர் முறைத்தார்.

இப்படியே பதினைந்து நாள் ஓடிவிட்டது. பன்னிரண்டு வகை மீன் போய், கஞ்சியும் கருவாடும் வந்தது. இந்த மனுஷன் நம்மைக் கொண்டாடுகிறானா, கேலி செய்கிறானா என்று ராசா மண்டையைக் குழப்பிக்கொண்டான். கல்யாணத்துக்கு இன்னும் ஆறே நாள். அம்மா இல்லாத பிள்ளை அவள். தாரை வார்த்துக் கொடுக்க அப்பனும் இல்லையென்றால் மணவறையில் யார் முகத்தைப் பார்ப்பாள்? அதை நினைத்து ராசா வாய்விட்டு அழுதான். இது சிறைவாசம், சந்தேகமே இல்லை, நாளைக் காலையில் லகுமாவை வெட்டிப்போட்டுக் கிளம்பிவிடலாம் என்றார் சித்திரமொழியார்.

தீவு வழக்கத்தைத் தீவுக்காரர்களிடமே கேட்டுவிடலாம் என்று பூவலிங்கம் எழுந்தான். நேரே சமையல் கொட்டகைக்குப் போனான். அங்கே லகுமாவின் மனைவி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்த அரிசியை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்கள் ராசா எப்போதுதான் எழுந்திருப்பார்?" என்று அவள் கேட்டாள். "வந்தவரைப் 'போ' என்று சொன்ன வீட்டில் எங்கள் ஊரில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். வந்தவர்கள்தான் தாமாக எழுந்து போக வேண்டும். அதுவும் சொல்லாமல் போக வேண்டும். சொல்லிக்கொண்டு போனால் எங்களைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்."

அட, இவர்களும் நம்மைப் போலவே மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள். பூவலிங்கம் ஓடிப்போய் ராசாவிடம் சொன்னான். ராசா ஆத்திரத்தில் குதித்தான். சொல்லாமல் கொள்ளாமல் எழுந்துபோக நான் என்ன கோழி திருடவா வந்தேன், என் பரம்பரையில் எவனும் விடை வாங்காமல் படி இறங்கினதில்லை என்றான். மகள் கல்யாணத்தைவிடப் பரம்பரை பெரிதாகப் போயிற்று அவனுக்கு.

பூவலிங்கம் கொஞ்சம் யோசித்தான்.

"மகாராசா, காலையில் லகுமாவை நம் கப்பலுக்கு விருந்துக்கு அழையுங்கள். கப்பலில் நீங்கள்தான் வீட்டுக்காரர். தன் வீட்டில் இருக்கிறவன் யாரிடம் விடை வாங்க வேண்டும்?"

விருந்து கொடுத்துக் காலம் கடத்தப் பார்க்கிறான் என்று சித்திரமொழியார் எகிறினார். ராசாவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் தலையாட்டினான்.

மறுநாள் காலை லகுமா கப்பலேறி வந்து, பதினைந்து நாள் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டார். ராசா வழக்கப்படி வெற்றிலையை நீட்டினான். அதன் அர்த்தம் தெரியாத லகுமா ஆசையாக வாங்கிப் போட்டுக்கொண்டார். அடுத்தது "போய் வாருங்கள்" என்று சொல்ல ராசா வாயைத் திறந்தானோ இல்லையோ, பூவலிங்கம் பத்து வெற்றிலையை ஒன்றாக மடித்து ராசா வாயில் திணித்துவிட்டான். ராசாவின் கண் பிதுங்கியது. லகுமா நிம்மதியாக எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார். கரையில் அவர் மனைவி சிரித்துக்கொண்டு நின்றாள். கப்பலின் பாய் விரிந்தது.

ராசா கல்யாணத்துக்கு முதல்நாள் ஊர் வந்து சேர்ந்தான். தாரை வார்த்து முடித்ததும் மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்ததும் சபை கூடியது. சித்திரமொழியாரின் ஆசனத்தில் பூவலிங்கத்தை உட்கார வைத்தான் ராசா. நின்றுகொண்டிருந்த சித்திரமொழியாரைப் பார்த்து, "தீவு மரியாதை எல்லாம் தெரிந்தவர் நீர். இருபது மூட்டை அரிசியோடு போய் லகுமாவின் வீட்டில் விருந்தாளியாக இரும்" என்றான்.

எத்தனை நாளைக்கு என்று அவர் மென்று விழுங்கிக் கேட்டார்.

"உம் ஏட்டில் உள்ளபடிதான். லகுமா வாயைத் திறந்து 'போய் வாரும்' என்று சொல்கிற அன்றைக்குத் திரும்பி வாரும்."