தேர் நாளில் வரவேண்டிய போன்

"சாமி, இந்த வருஷம் தேருக்குக் கட்டை போட நான் வரலை."

சொன்னவர் வீரபாகு. வயது அறுபத்தேழு. கேட்டுக்கொண்டிருந்த மடத்துச் சாமிக்கு நாற்பதுதான் இருக்கும். வயது எப்படியோ, குரு குருதான்.

ஓடுகிற தேரின் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் திருப்புவதும் நிறுத்துவதும் வீரபாகுவின் வேலை. ஒருமுறை அவர் போட்ட கட்டையில் தேரோடு சேர்ந்து எதிரே வந்த மழையும் நின்றுவிட்டது. எனக்கு வலது தோள் நனைந்தது, இடது தோள் காய்ந்திருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

"ஏன் அண்ணாச்சி?"

"புராஸ்டேட்டுல ஊசி விட்டுப் பன்னிரண்டு துண்டு எடுத்திருக்காங்க. புத்துநோயா இல்லையான்னு நாளைக்குப் போன்ல சொல்லுவாங்களாம்."

"வேலை செய்யக் கூடாதுன்னாங்களா?"

"செய்யலாம்னுட்டாரு டாக்டர். மனசுதான் நிக்க மாட்டேங்குது. கட்டை ஒரு விரல் தள்ளி விழுந்தா, தேர் எவன் வீட்டுக்குள்ளயாவது போயிரும்."

"துண்டெல்லாம் இப்ப எங்க?"

"மதுரையில. பூதக்கண்ணாடிக்கு அடியில."

"எவ்வளவு பெருசு?"

"நூல் மாதிரி இருக்குமாம்."

சாமி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பன்னிரண்டு நூல் மதுரைக்குப் போயிருக்கு. மிச்ச ஆறடி இங்கதான நிக்குது? அதுக்கு நாளைக்கு என்ன வேலை?"

வீரபாகு குனிந்து தன் ஆறடியையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

சாமி கையை நீட்டினார்.

"போனைக் கொடுங்க."

மறுநாள் தேர் புறப்பட்டது.

கட்டை போடுகிறவன் மேலே இருக்கிற தெய்வத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. சக்கரத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது.

தெற்கு மூலை குறுகல். வீரபாகு குனிந்தபடி சக்கரத்தோடு வந்தார்.

முதல் கட்டை. தேர் முனகியது.

இரண்டாவது கட்டை. தேர் திரும்பியது.

மூன்றாவது கட்டை கையிலேயே இருந்தது. ஆண்டுதோறும் உரசல் வாங்கிப் பழகிய மூலைவீட்டுச் சுவருக்கு ஏமாற்றம்தான்.

தேரை அங்கே நிறுத்தி மோர் கொடுத்தார்கள். வீரபாகு உடம்பெல்லாம் மசகாகச் சாமியிடம் ஓடிவந்தார்.

"பாத்தீங்களா சாமி! ரெண்டே கட்டை! எங்க அப்பாவுக்கே மூணு வேணும்!"

"பாத்தேன்."

"சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு எறும்பு போகாது!"

"போகாதுதான். உங்களுக்குப் போன் வந்துது."

"யாரு?"

சாமி மடியிலிருந்த போனை எடுத்துக் காட்டினார்.

வீரபாகுவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"எடுத்தீங்களா?"

"உங்க போனை நான் எதுக்கு எடுக்கணும்?"

சாமியின் கையிலேயே அது மறுபடியும் அடித்தது.

வீரபாகு வேட்டியில் கையைத் துடைத்தார். வாங்கினார். முதுகை நிமிர்த்தினார்.

"ஆமாம்மா, வீரபாகுதான். ஆஸ்பத்திரிதானே? சொல்லுங்க... இல்ல, ஒரு நிமிஷம் இருங்க. நீங்க சொல்றதுக்கு முன்னாடி, நான் ஒண்ணு சொல்லிக்கிடுறேன். தெற்கு மூலையை இன்னைக்கு ரெண்டே கட்டையில திருப்பிட்டேன்."