கீரியின் முகம் பார்த்து வாங்கிய கார்

புளியங்காட்டுக் குளக்கரையில் ஒரு காட்டுப்பன்றி குடும்பத்தோடு வாழ்ந்து வந்தது. பக்கத்துப் புதரில் ஒரு கீரி இருந்தது. பன்றிக்கு உடம்பில் வேறு நோய் எதுவும் கிடையாது. கீரிக்கு ஏதாவது நல்லது நடந்தால் மட்டும் வயிறு எரியும்.

ஒரு நாள் கீரி ஒரு பழைய கார் வாங்கியது. பின்பக்கம் நீளமான கார். பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். ஆனால் மூட்டை முடிச்சோடு மேட்டில் ஏறும்போதும் சிட்டாகப் பறக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே பன்றி சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடும். பன்றியே சாப்பாட்டைப் பாதியில் விடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்தக் கோடையில் குளம் வற்றிச் சேறாகிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் ஓர் அணை இருந்தது. எல்லா விலங்குகளும் அங்கே போய்விட முடிவு செய்தன. போகிற வழியில் ஒரு கணவாய். பொழுது சாய்ந்தால் சிறுத்தை அங்கே வந்து உட்கார்ந்துவிடும். கொதிக்கிற பாறையில் பன்றிக்குட்டிகளால் நடக்கவும் முடியாது.

“ஏங்க, நாமளும் ஒரு கார் வாங்கிடுவோம்,” என்றது பெண்பன்றி. “பழசு போதும். புள்ளைங்க எல்லாம் அடங்கணும். இருட்டுறதுக்குள்ள கணவாயைத் தாண்டணும். கீரித் தம்பி கார் மாதிரி ஒண்ணு பாருங்க!”

“அவன் கார் மாதிரியா? அவன் பார்த்துப் பார்த்துப் பொசுங்குற மாதிரி வாங்குறேன், பாரு!” என்று உறுமியது பன்றி.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள், கார் பார்க்கத் தெரிந்த ஒருவரையும் கூட அழைத்துப் போவார்கள். காட்டிலும் அதே வழக்கம்தான். பன்றி கீரியையே அழைத்தது. ஆனால் அதன் கணக்கு வேறு. ‘எந்தக் காரைப் பார்த்து இவன் முகம் தொங்குதோ, அதுதான் நல்ல கார்! அதையே வாங்கிடணும்!’

பழைய கார் வியாபாரம் பச்சோந்தியின் கையில் இருந்தது. அது முதலில் ஒரு சாம்பல் நிறக் காரைக் காட்டியது. பின்பக்கம் நீளமான கார். கீரி அடியில் நுழைந்து பார்த்தது. எஞ்சினில் காதை வைத்துக் கேட்டது. மேட்டுப் பாதையில் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தது. அதன் முகம் மலர்ந்திருந்தது.

“அண்ணே, இதை விட்டுடாதீங்க! என் காரைவிட நல்லா இழுக்குது. பின்னாடி குட்டிங்களும் அடங்கும், கிழங்கு மூட்டையும் அடங்கும்!”

“எனக்கும் இதுதான் புடிச்சிருக்கு,” என்றது பெண்பன்றி.

பன்றி யோசித்தது. ‘எனக்கு நல்லது நடந்தா இவன் முகம் மலருமா? நானா இருந்தா மலராதே! அப்படின்னா இது ஓட்டை வண்டிதான்!’

“வேற காட்டு!” என்றது.

அடுத்தது பளபளக்கும் சிவப்புக் கார். குட்டையானது. சாவியைத் திருகியதும் காடே அதிர உறுமியது. கீரி பிரேக்கை அழுத்திப் பார்த்தது. அதன் முகம் தொங்கிவிட்டது.

“வேணாம் அண்ணே! பிரேக்கே புடிக்கல. எஞ்சின் சூடு தாங்காது. பின்னாடி ஒரு பலாப்பழம்கூட வைக்க முடியாது. புள்ளைகுட்டியோட போற ஆளு நீங்க!”

பன்றிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “ஆகா! வயித்தெரிச்சலைப் பாரு! இதைத்தான் வாங்கப் போறேன்!”

“அருமையான தேர்வு!” என்று பச்சோந்தி அந்த நிமிஷமே சிவப்பாகிவிட்டது.

எதிரிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கையே அறுத்துக்கொண்டவன் கதைதான். ஆனால் இங்கே எதிரி என்று யாருமே இல்லை! சேர்த்து வைத்த கிழங்கையெல்லாம் கொடுத்து, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பன்றி காரை வீட்டுக்கு ஓட்டி வந்தது. வரும்போது கீரியின் புதர் வாசலில் வேண்டுமென்றே விடாமல் ஹாரன் அடித்தது.

மறுநாள் புறப்பட்டார்கள். குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் திணிக்கப்பட்டு மூச்சுத் திணறின. பாதி மேடு ஏறியதும் காரிலிருந்து புகை வந்தது. கணவாய்க்குக் கொஞ்சம் கீழே கார் படுத்துவிட்டது. பொழுதும் சாய்ந்தது. குட்டிகள் அழத் தொடங்கின.

அப்போது எதிரே கீரியின் கார் வந்தது. கீரி தன் குடும்பத்தை அணையில் விட்டிருந்தது. ஆனால் அந்தச் சிவப்புக் காரை நினைத்து அதற்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் திரும்பி வந்தது.

“அண்ணி, சீக்கிரம் ஏறுங்க! சிறுத்தை வர்ற நேரம்!”

பெண்பன்றி குட்டிகளைத் தூக்கித் தூக்கிப் பின்னால் ஏற்றியது. எல்லாம் அடங்கின. இன்னும் இடம் இருந்தது.

“நீங்களும் வாங்க அண்ணே!”

“உன் கார்லயா? நீ ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கவா? செத்தாலும் ஏற மாட்டேன்!” என்றது பன்றி.

பெண்பன்றிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இவரு வீம்புக்கு என் புள்ளைங்க பலியாகணுமா? வண்டியை எடுங்க தம்பி!”

கீரி தயங்கியது. அதற்குள் பாறைமேல் சிறுத்தை உறுமியது. பன்றி பாய்ந்து சிவப்புக் காருக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டது. கீரியின் கார் குட்டிகளோடு ஒரே இழுப்பில் கணவாயைத் தாண்டியது.

சிறுத்தை கார்மேல் பாய்ந்தது. கார் பின்னோக்கி உருண்டது. பன்றி பிரேக்கை மிதித்தது. மிதி மிதியென்று மிதித்தது. நிற்க வேண்டுமே! சிறுத்தை பயந்து கீழே குதித்து ஓடிவிட்டது. கார் மட்டும் சரிவு முழுக்க உருண்டு, வற்றிய குளத்துச் சேற்றில் போய்ச் செருகியது.

காட்டில் யாருமே இல்லை. பெண்டாட்டி பிள்ளைகள் மலைக்கு அந்தப் பக்கம். பன்றி நெற்றி வீங்கி, சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதது.

புதருக்குள்ளிருந்து பச்சோந்தி மெல்ல எட்டிப் பார்த்தது. சேற்று நிறத்தில் இருந்தது.

“அடடா, கார் இப்படி ஆயிடுச்சா? பாதி விலைக்குக் கேட்டாலும் தருவீங்கதானே அண்ணே?”

அதன் முகம் நன்றாக மலர்ந்திருந்தது. பன்றி அந்த முகத்தையே பார்த்தது. தனக்காகத் தொங்கிய முகம் எது, தன் இழப்பில் மலர்ந்த முகம் எது என்று அதற்கு அப்போதுதான் உறைத்தது.

பொறாமைக்காரனுக்கு, தன் நல்லதுக்குச் சொல்கிறவனும் பொறாமைக்காரனாகவே தெரிவான்.