இரண்டு நாள் பிந்திய கப்பல்

உலகப் போர் நடந்த காலம். கொழும்புக்கு வெளியே ஒரு தென்னந்தோட்டத்து வீட்டில் பத்துப் பேர் எதிரியின் ரகசியத் தந்திகளை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். வானொலியில் எண்களாகவே வந்த தந்திகள் அவை. அந்த அறைக்குத் தலைவி நேசரத்தினம், கணிதம் படித்தவள். வயது இருபத்தேழு. அவளிடம் தொழில் கற்ற விநாசித்தம்பிக்கு ஐம்பத்து மூன்று.

அவர் யாழ்ப்பாணத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர். செல்லரித்த ஏட்டில் விடுபட்ட சீரைச் சரியாகச் சொல்லக்கூடியவர் என்று கேள்விப்பட்டுத்தான் அழைத்திருந்தார்கள். அவள் முதல் நாள் சொன்ன பாடம் ஒன்றே: "எண்ணைப் பார்க்காதீங்கோ, மாஸ்டர். எழுதினவன்ர பழக்கத்தைப் பாருங்கோ."

தந்தி வராத வேளைகளில் அங்கே எல்லோரும் கவிதை எழுதினார்கள், அவரவர் மொழியில், கணக்குப் போட்ட தாளின் பின்பக்கத்தில். மாலை ஐந்து மணிக்கு அறையிலிருந்த தாள் அத்தனையும் அடுப்புக்குப் போகும். அதுதான் சட்டம்.

ஊரில் விநாசித்தம்பியை அரிசிக் கூப்பன் எழுதும் கிளார்க் என்று நினைத்தார்கள். சண்டைக் காலத்தில் நிழலில் இருந்து சம்பளம் வாங்குகிறார் என்று மைத்துனன் கோயில் வாசலிலேயே சொன்னான். உண்மையான வேலையை வெளியே சொல்ல அவருக்கு அனுமதி இல்லை.

ஒரு வியாழக்கிழமை, எதிரியின் ஆள் ஒருவன் ஒவ்வொரு வரியின் இரண்டாம் இடத்திலும் ஒரே எண்ணை வைப்பதைக் கண்டார். எதுகை மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் தந்தி திறந்துகொண்டது. எகிப்திலிருந்து ஆயிரம் பேரோடு வரும் கப்பலுக்காக நீர்மூழ்கிகள் காத்திருந்தன. கப்பலுக்கு உடனே செய்தி போனது.

அன்று அதைப் பற்றியே அவர் ஒரு வெண்பா எழுதினார். ஐந்து மணிக்கு அதை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நேசரத்தினம் பார்த்துவிட்டாள். வெளியே தெரிந்தால் அவருக்குச் சிறை, அவளுக்கும்தான்.

"பேப்பருக்குக் குடுக்கப் போறீங்களோ?"

"ஓம், மிஸ். ஒருத்தரும் வாசிக்காத பாட்டு என்ன பாட்டு?"

அவள் காவலாளியைக் கூப்பிடவில்லை; நாலு நாள் மட்டும் பொறுக்கச் சொன்னாள். நாலாம் நாள் காலை அவரைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனாள்.

அந்தக் கப்பல் வந்து நின்றிருந்தது. தாதிமார் இறங்கினார்கள். கட்டுப்போட்ட கால்களோடு சிலர் இறங்கினார்கள். கடைசியில், தகரப் பெட்டி தூக்கிய ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் பட்டாளச் சட்டையோடு இவர்களிடம் வந்து, கோட்டை ரயில் ஸ்டேஷனுக்கு வழி கேட்டான். முகம் கடுகடுவென்று இருந்தது. கப்பல்காரன் கண் தெரியாத மடையன், நேரே வரவேண்டியதை எங்கெங்கோ சுற்றி இரண்டு நாளைத் தின்றுவிட்டான் என்றான். நேற்று அவன் தங்கச்சியின் கலியாணம் முடிந்துவிட்டதாம். சுற்றச் சொன்னவன் கையில் கிடைத்தால் கழுத்தை நெரிப்பானாம்.

விநாசித்தம்பியின் கை சட்டைப் பைக்குப் போனது. அவர் அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"இவனுக்கு மட்டுமாவது சொல்லட்டோ, மிஸ்?"

"வேண்டாம், மாஸ்டர். திட்டட்டும். வீடு போய்ச் சேருமட்டும் திட்டிக்கொண்டே போகட்டும்."

அவர் கையை எடுத்தார். பெடியனின் பெட்டியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை நிமிர்ந்து நடந்தார். அவன் வழியெல்லாம் திட்டினான். ஒரு சொல் விடாமல் கேட்டார்.

அன்று மாலை அந்த வெண்பாவை அடுப்பில் போடுமுன் ஒருமுறை உரக்கப் படித்தார். தமிழ் தெரியாத நாலு பேர் உட்பட, அறையிலிருந்த ஒன்பது பேரும் எழுந்து நின்று கேட்டார்கள்.