துண்டால் கட்டிய கைகள்

"நூறு கிலோ மூட்டையை ஒத்தை ஆளா ஏத்தினவன் டீச்சர் நான். இந்த ஐயா அதுல பாதிகூட தேறமாட்டாரு. எனக்கு எதுக்குப் பயிற்சி?"

கேட்டவர் மாசிலாமணி. காலமெல்லாம் மார்க்கெட்டில் மூட்டை சுமந்துவிட்டு, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்கு வந்தவர். பயிற்சி கொடுக்க வந்த நஸ்ரீனுக்கு அவர் மகள் வயசுதான்.

"அவர் ஏன் உங்களைக் கண்டாலே கத்துறாரு அண்ணே?"



கத்தாமல் கொஞ்சவா செய்வார்? கட்டிலில் கிடப்பவர் தணிகாசலம், அந்தக் காலத்து பஸ் கண்டக்டர். இடது பக்கம் வாதம். போன வாரம் மாசிலாமணி பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கினார். இடது தோள் மளுக்கென்றது. அன்றிலிருந்து கிழவர் யாரையும் தொட விடவில்லை. முதுகெல்லாம் சிவந்து கிடக்கிறது. இப்படியே படுத்திருந்தால் புண்ணாகிவிடும்.

"என்னாலதான் ஆச்சு. நானேதான் அவரை உக்கார வைப்பேன். வழி சொல்லுங்க, அதுவரைக்கும் இங்கேர்ந்து நகரமாட்டேன்."

நஸ்ரீன் மாசிலாமணியின் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். அவர் கைகளைப் பின்னால் சேர்த்துக் கட்டினாள்.

"இப்ப எழுப்புங்க."

"கையில்லாம எப்படிம்மா?"

அவள் கட்டிலைவிட்டுத் தள்ளி நின்றாள்.

மாசிலாமணி கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். மனிதர் விடுகிற ஆள் இல்லை. கடைசியில் தணிகாசலத்தின் முகத்துக்கு நேராகக் குந்தினார்.

"ஐயா, எந்தக் கால் உங்க பேச்சைக் கேக்குது?"

"வலது. கட்டிப்போட்டாத்தான் உனக்கு வாயே திறக்குமாய்யா?"

"டீச்சர், நாற்காலியை வலப்பக்கம் போடுங்க."

போட்டாள்.

மாசிலாமணி சொல்லச் சொல்ல, தணிகாசலம் வலது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து, முனகி, திட்டி, ஒருவழியாக விளிம்பில் உட்கார்ந்தார். கால் தரையைத் தொட்டது.

நஸ்ரீன் அவர் இடுப்பில் அகலமான பெல்ட்டை மாட்டினாள். மாசிலாமணியின் கட்டை அவிழ்த்தாள்.

மாசிலாமணி காலை அகட்டி, முட்டியை மடக்கி, பெல்ட்டைப் பிடித்தார்.

"ஒன்னு, ரெண்டு..."

கிழவர் உடம்பு விறைத்தது.

"அண்ணே," என்றாள் நஸ்ரீன். "கண்டக்டர் சொல்லாம எந்த டிரைவர் வண்டியை எடுப்பான்?"

மாசிலாமணி எண்ணுவதை நிறுத்தினார். காத்திருந்தார். முட்டி கடுத்தது. அப்படியும் காத்திருந்தார்.

தணிகாசலம் வலது காலைத் தரையில் ஊன்றினார். மூச்சை இழுத்துக்கொண்டார்.

"போலாம், ரைட்!"