ரொட்டிக்குப் பெண் பார்த்த அண்ணன் தம்பிகள்

துறையூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பந்தல், பாத்திரம், நாற்காலியெல்லாம் வாடகைக்கு விடுகிற கடை ஒன்று உண்டு. நடத்துகிறவர்கள் மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவன் தைலப்பன், இரண்டாமவன் கலியபெருமாள், கடைக்குட்டி அய்யாக்கண்ணு. மூன்று பேருக்கும் சேர்த்து ஆண்டவன் ஒரே ஒரு மூளையைத்தான் கொடுத்தான் என்று ஊரில் சொல்வார்கள். அபாண்டம். அந்த ஒன்றை மட்டும் யார் பார்த்தது?

ஆனால் கல்யாண விஷயம் என்று வந்துவிட்டால் அவர்களை அடிச்சுக்க ஆளில்லை. எந்த மாசத்தில் என்ன சீர், எந்தத் தட்டில் எத்தனை வெற்றிலை, சம்பந்தி முறைத்தால் யாரை முன்னால் அனுப்புவது, எல்லாம் அத்துப்படி. பொழப்பே அதுதானே.

தைலப்பன் பெண்டாட்டி மனோரஞ்சிதம், பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர். கழுத்தில் எந்நேரமும் விசில். காலைப் பிரார்த்தனைக்கு முதல் ஆளாகப் போய் விசில் ஊத வேண்டியவள், தினமும் கடைசி ஆளாகப் போய்க்கொண்டிருந்தாள். காரணம் தோசை. இவர்கள் மூன்று பேரும் தட்டைப் போட்டு உட்கார்ந்தால் மாவுச் சட்டியின் அடி தெரிகிற வரைக்கும் எழுந்திருக்கிற ஜாதி இல்லை. போன வாரம் தலைமையாசிரியைக்குப் பொறுமை போய்விட்டது. லேட்டாக வந்த பிள்ளைகளோடு சேர்த்து டிரில் டீச்சரையும் வெயிலில் நிற்க வைத்துவிட்டார். பக்கத்தில் நின்ற பொடிசு ஒன்று, "டீச்சர், நீங்க எந்த செக்‌ஷன்?" என்று கேட்டுவைத்தது.

அன்று சாயங்காலம் ரஞ்சிதம் வீட்டுக்குள் நுழைந்ததுமே விசில் ஊதினாள். மூன்று பேரும் வரிசையில் வந்து நின்றார்கள்.

"இனிமே காலையில தோசை கிடையாது. ரொட்டி வாட்டுற டோஸ்டர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. ஆளுக்கு நாலு ரொட்டி, நீங்களே வாட்டித் தின்னுக்கங்க. திங்கக்கிழமை காலையில இந்தச் சமையக்கட்டுல டோஸ்டர் இல்லைன்னா, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். ஆமா, சொல்லிட்டேன்!"

தைலப்பனுக்குப் பெண்டாட்டி மேல் உயிர். அவள் சுடுகிற தோசை மேல் அதைவிட உயிர்.

"எந்த மாதிரி டோஸ்டர் வாங்கறது, ரஞ்சிதம்?"

"போன தடவை கிரைண்டர் வாங்கிட்டு வரச் சொன்னா கல்லு இல்லாம வாங்கிட்டு வந்தீங்களே, அந்த மாதிரி வேணாம். பொண்ணு பாக்குற மாதிரி பாத்து வாங்குங்க."

பாவம், வாய் தவறிச் சொல்லிவிட்டாள். வேறு எந்த வீட்டில் இதைச் சொல்லியிருந்தாலும் ஒரு குறையும் வந்திருக்காது.

அவள் அந்தப் பக்கம் போனதும் மூன்று பேரும் பாயை விரித்து உட்கார்ந்தார்கள்.

"பொண்ணு பாக்கணும்னா முதல்ல மாப்பிள்ளை யாருன்னு தெரியணுமே" என்றான் கலியபெருமாள்.

"நான் இருக்கேன்ல, அண்ணே" என்றான் அய்யாக்கண்ணு. கல்யாணம் ஆகாதவன். வெட்கத்தில் பாயைப் பிறாண்டினான்.

"போடா கூறுகெட்டவனே!" என்றான் கலியபெருமாள். "டோஸ்டருக்குள்ள நீயா போகப்போற? யாரு போவாங்களோ அவங்கதான் மாப்பிள்ளை. ரொட்டி!"

தைலப்பன் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இந்த வீட்டில் யோசிக்கிறதுக்கும் ஒரு ஆள் இருக்கிறானே என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினார்கள். பேக்கரியில் அழகான ரொட்டி ஒன்றை வாங்கி, நெற்றியில் சந்தனம் வைத்து, ஜரிகைத் துண்டு சுற்றிக் கலியபெருமாள் கையில் ஏந்திக்கொண்டான். தைலப்பன் கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. அய்யாக்கண்ணு கையில் பூ. மூன்று பேரும் கடைவீதியில் ராயப்பன் கடைக்குள் நுழைந்தார்கள். மிக்ஸி, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் விற்கிற கடை.

"வாங்க வாங்க, என்ன பாக்குறீங்க?" என்றார் ராயப்பன்.

"பொண்ணு பாக்க வந்திருக்கோம், சம்பந்தி. டோஸ்டர்" என்றான் தைலப்பன்.

ராயப்பன் இருபது வருஷமாகக் கடை நடத்துகிறவர். வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் தலையாட்டிப் பழகியவர். பேசாமல் ஒரு டோஸ்டரை எடுத்து மேஜை மேல் வைத்தார். அண்ணன் தம்பிகள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ரொட்டிக்குத் தனி நாற்காலி.

"ரெண்டு வாய் இருக்கே" என்று அய்யாக்கண்ணு இழுத்தான்.

"நாலு வாய் உள்ளதும் இருக்கு, காட்டட்டுமா?"

"ஐயையோ வேணாம்!" என்று பதறினான் தைலப்பன். "எங்க வீட்டுல இருக்குற ஒரு வாய்க்கே என்னால பதில் சொல்ல முடியல."

கலியபெருமாள் ஒயரைப் பிடித்து நீட்டிப் பார்த்தான். கூந்தல் முழங்கால் வரை இருந்தது. சவுரி இல்லை என்று இழுத்து உறுதி செய்துகொண்டான். "பொண்ணு பாடுமா?" என்று கேட்டான். ராயப்பன் ஒயரைச் செருகிக் கைப்பிடியை அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் 'டிங்' என்றது. மூன்று பேரும் தலையை ஆட்டி ரசித்தார்கள். "சாரீரம் நல்லா இருக்கு. பாட்டுதான் சின்னது" என்றான் தைலப்பன்.

"பூர்வீகம் எந்த ஊரு?"

"சைனா."

மூன்று முகமும் சுருங்கிவிட்டது. "தூரமா இருக்கே சம்பந்தி! நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா பொண்ணு எங்க போகும்?"

"இங்கேயே பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல சர்வீஸ் சென்டர் இருக்குங்க. ஒரு குறைன்னா அங்க கொண்டு போய் விடலாம். ஒரு வருஷம் வாரண்டி."

"அப்ப அதான் அம்மா வீடு. நல்லவேளை, உள்ளூரு" என்று நிம்மதியானார்கள்.

ராயப்பன் இப்போது ரொட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மனுஷருக்குக் கொஞ்சம் குசும்பு. "பொண்ணு ஜாதகம் பாத்தீங்க சரி. மாப்பிள்ளை ஜாதகம் என்ன இப்படி இருக்கு? உறையில எழுதியிருக்கு பாருங்க. சனிக்கிழமையோட ஆயுசு முடியுதே?"

அய்யாக்கண்ணு அழ ஆரம்பித்தான். கலியபெருமாள்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "பொண்ணுக்கு மாங்கல்ய பலம் இருந்தா அதெல்லாம் தாண்டிருவாருங்க."

"சரி, பில் போட்டுரவா? இல்ல, ஒரு வாரம் பொறுத்தீங்கன்னா ஆடித் தள்ளுபடியில தரேன்."

தைலப்பன் சுள்ளென்று எழுந்துவிட்டான். "என்ன பேசுறீங்க சம்பந்தி? ஆடியில எவனாச்சும் கல்யாணம் பண்ணுவானா? அதுவும் பொண்ணைத் தள்ளுபடியில தள்ளிவிடப் பாக்குறீங்களே, ஏதாச்சும் குறையா?"

ராயப்பன் ஒருவழியாகச் சமாதானப்படுத்தி டீயும் பஜ்ஜியும் வரவழைத்தார். மூன்று பேரும் பஜ்ஜியைத் துடைத்து எடுத்துவிட்டு எழுந்து கும்பிட்டார்கள். "வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுத் தகவல் சொல்றோம்." பெண் பார்க்கப் போனவர்கள் பெண்ணை அப்போதே தூக்கிக்கொண்டா வருவார்கள்? வெறுங்கையோடு வீடு வந்து சேர்ந்தார்கள்.

வாசலில் ரஞ்சிதம் காத்திருந்தாள். "டோஸ்டர் எங்க?"

"பிடிச்சிருக்கு, ரஞ்சிதம். நல்ல நிறம். அடக்கமான பொண்ணு."

"எங்கன்னு கேட்டேன்!"

"அவங்க வீட்டுல."

ரஞ்சிதம் விசிலை வாயில் வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள். ஊதுவதற்கு மூச்சு வரவில்லை. "இதோ பாருங்க, கல்யாணம் பண்ணுவீங்களோ கடத்திட்டு வருவீங்களோ எனக்குத் தெரியாது. திங்கக்கிழமைக்குள்ள அது இங்க இருக்கணும்!"

பஞ்சாங்கத்தைப் பார்த்தார்கள். ஆனி மாசத்தின் கடைசி முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டால் ஆடி. சனிக்கிழமை முழுக்க வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையின் ஆயுசை நினைத்து மூன்று பேரும் அலமாரிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் துண்டை விலக்கிப் பார்த்தால், ரொட்டியின் கன்னமெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது.

"தாண்டிட்டார்!" என்று கத்தினான் அய்யாக்கண்ணு. "மீசை தாடியெல்லாம் முளைச்சிருக்கு! கல்யாணக் களை வந்திருச்சு!"

ராயப்பன் கடை வாசலிலேயே பந்தல் போட்டார்கள். சொந்தப் பந்தல், சொந்த நாற்காலி, சொந்த ஸ்பீக்கர். தாலி கட்டப் போனால் டோஸ்டருக்குக் கழுத்து எது என்று தெரியவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கைப்பிடியில் கட்டினார்கள். பிளக்கில் இருந்த மூன்று ஊசிக்கும் மெட்டி போட்டார்கள். கெட்டிமேளம் கேட்டு வழியில் போன சனமெல்லாம் அட்சதை போட்டு, மொய் வைக்க ஆள் தேடி, யார் கல்யாணம் என்று தெரியாமலே சாப்பிட்டுவிட்டும் போனது.

வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றியதும் இன்னொரு சிக்கல். "வலது காலை எடுத்து வச்சு உள்ள வரணும்" என்றான் கலியபெருமாள். டோஸ்டருக்கு அடியில் நாலு கால். எது வலது என்று ரொம்ப நேரம் விவாதம். ரஞ்சிதம் வெளியே வந்து, டோஸ்டரை வெடுக்கென்று பிடுங்கி, மெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, சமையல்கட்டு மேடையில் வைத்தாள். எப்படியோ வந்து தொலைந்ததே என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை குளித்து, தலை சீவி, விசிலை மாட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குள் வந்தாள். மேடை மேல் டோஸ்டர் இல்லை. பக்கத்து அலமாரியில் பச்சைத் தாடியோடு ரொட்டி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

"டோஸ்டர் எங்கங்க?"

"அம்மா வீட்டுல" என்றான் தைலப்பன்.

"என்னது?"

"சர்வீஸ் சென்டர்ல. இன்னிக்கு ஆடி ஒண்ணு இல்லையா? புதுப்பொண்ணை ஆடியில மாப்பிள்ளை வீட்டுல வச்சிருப்பாங்களா? தம்பிங்க ரெண்டு பேரும் சீர்த்தட்டோட காலையிலேயே கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வந்துட்டாங்க. அங்க வாசல்ல இருந்த வாட்ச்மேன் பேந்தப் பேந்த முழிச்சாராம். பொண்ணோட தட்டையும் வாங்கி வச்சுக்கிட்டாராம்."

அய்யாக்கண்ணு குரலைத் தாழ்த்தி விளக்கினான்: "ரெண்டும் ஒண்ணா இருந்து ஏடாகூடமா ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, சித்திரை வெயில்ல குழந்தை பொறக்கும், அண்ணி. டோஸ்டர் ஏற்கெனவே சூட்டு உடம்பு. தாங்குமா?"

ரஞ்சிதம் உள்ளே போனாள். பெட்டியில் நாலு புடவையை அடைத்தாள். வெளியே வந்தாள். "நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்."

தைலப்பன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களாடா! சம்பிரதாயம் தெரிஞ்ச குடும்பத்துப் பொண்ணு. நாம சொல்லாமலே கிளம்புறா பாரு!" மூன்று பேரும் தெருமுனை வரை போய் ஆட்டோவில் ஏற்றி, சிரித்த முகமாகக் கையசைத்து அனுப்பினார்கள். மத்தியானம் பசி எடுத்த பிறகுதான் தைலப்பனுக்கு லேசாக ஏதோ உறுத்தியது. சாயங்காலம் கதறியே விட்டான். "ரஞ்சிதம் இல்லாத வீடு வீடாடா இது? சட்டியில பாருங்கடா, மாவு அப்படியே இருக்கு, சுடத்தான் ஆளில்ல!"

மறுநாள் மாலை ரஞ்சிதமே போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு குஷி. "ஏங்க, நேத்துப் போற வழியில சர்வீஸ் சென்டர்ல இறங்கி டோஸ்டரை வாங்கிட்டுப் போயிட்டேன். எங்க அம்மா வீடு ஸ்கூலுக்குப் பின்னாடிதானே? இன்னிக்குக் காலையில நாலு ரொட்டியை வாட்டித் தின்னுட்டு, முதல் ஆளா போய் விசில் ஊதினேன். ஹெட்மிஸ்ட்ரஸே கைதட்டினாங்க. ஆடி முடியற வரைக்கும் என்னைத் தேடாதீங்க." டக்கென்று வைத்துவிட்டாள்.

தைலப்பன் போனைக் கீழே வைத்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னண்ணே? அண்ணி நல்லா இருக்காங்களா?"

"அவ நல்லா இருக்காடா. டோஸ்டர்தான்… காலையில நாலு ரொட்டி உள்ள போயிட்டு வந்துச்சாம்."

மூன்று பேரும் மெதுவாக அலமாரிப் பக்கம் திரும்பினார்கள். மாப்பிள்ளை ஜரிகைத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை இங்க இருக்கார். அங்க போன ரொட்டி யாரு?" என்றான் கலியபெருமாள்.

"நாலு!" என்று தலையில் அடித்துக்கொண்டான் அய்யாக்கண்ணு.

"சத்தம் போடாதடா! காதுல விழுந்துரப் போகுது." தைலப்பன் ஓடிப்போய்த் துண்டை இழுத்து ரொட்டியை மூடினான். பிறகு தன் சோகத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தான். கொஞ்சம் உதிர்ந்தது. "மனசைத் தளர விடாதீங்க, மாப்பிள்ளை. உங்களை அப்படியே விட்டுருவோமா?"

மூன்று பேரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தப்பு பெண் மேல் இல்லை, பார்த்தவர்கள் மேல்தான். தொட்டாலே சுடுகிற பெண்ணைப் பார்த்தது தப்பு. இந்தத் தடவை குளிர்ந்த குணமுள்ள பெண்ணாகப் பார்க்க வேண்டும்.

ஆடி என்றால் கல்யாணம்தானே கூடாது, பெண் பார்க்கலாமே. மறுநாளே மூன்று பேரும் வெற்றிலைத் தட்டும் ரொட்டியுமாக ராயப்பன் கடையில் போய் நின்றார்கள். ராயப்பன் மறுபேச்சுப் பேசாமல் ஒரு ஃப்ரிட்ஜைக் கைகாட்டினார். வெள்ளை வெளேரென்று, அமைதியாக நின்றது. கலியபெருமாள் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தான். தங்கமான குணம். மூன்று பேருக்கும் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

அய்யாக்கண்ணு மட்டும் ஃப்ரிட்ஜை மேலேயும் கீழேயும் பார்த்தான், ரொட்டியைப் பார்த்தான், அண்ணன் காதில் கிசுகிசுத்தான்: "எல்லாம் சரிண்ணே. மாப்பிள்ளையைவிடப் பொண்ணு உயரமா இருக்கே?"

"அவசரப்படாதடா" என்றான் தைலப்பன். ராயப்பனிடம் ஒரு முக்காலி கேட்டு வாங்கி, மாப்பிள்ளையை அதன் மேல் ஏற்றி நிற்க வைத்தான்.