நண்டின் நேர்வழி

ஒரு காட்டில், நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு தீவின் காட்டில், செவ்வி என்னும் சருகுமான் வாழ்ந்து வந்தாள். சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? மான் போலவே இருக்கும். ஆனால் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. செவ்விக்குக் கால்களில் வேகம் அதிகம். காதுகளில் பொறுமை குறைவு.

அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். பெயர் மருதி. இரண்டு வருடங்களுக்கு முன் வீசிய புயலில் மணல் வாரியடித்து, மருதியின் கண் இரண்டும் போய்விட்டன. மழைக்காலத்தில் கவலை இல்லை. அவர்களுடைய குகை வாசலிலேயே தண்ணீர் தேங்கி நிற்கும். கோடை வந்தால்தான் பாடு. அந்தத் தீவில் வற்றாத நல்ல தண்ணீர் ஒரே இடத்தில்தான் இருந்தது. அது மலைமேல் இருந்த சுனை.

போன கோடையில் தினமும் செவ்வி முன்னால் ஓடி, ஒரு மேட்டில் ஏறி, திரும்பி நின்று சத்தம் போடுவாள்.

“இடப்பக்கம் வா, அக்கா.”

மருதி இடப்பக்கம் காலை வைப்பாள். அங்கே முள் இருக்கும்.

“வலப்பக்கம், வலப்பக்கம்.”

வலப்பக்கம் போவாள். அங்கே பாறை இருக்கும்.

“சொன்ன பக்கம் வரத் தெரியாதா உனக்கு?” என்று செவ்வி எரிந்து விழுவாள்.

“நீ சொன்ன பக்கம்தானே வந்தேன்,” என்பாள் மருதி. முழங்காலில் கசியும் இரத்தத்தை நக்கிக்கொள்வாள்.

கோடை முடிவதற்குள் மருதி எலும்பும் தோலுமாகிவிட்டாள். பாதி நாட்கள் “எனக்குத் தாகமே இல்லை” என்று பொய் சொல்லிவிட்டுக் குகையிலேயே படுத்துக் கிடந்தாள். இன்னொரு கோடையை அவள் அப்படித் தாங்க மாட்டாள் என்று செவ்விக்குத் தெரியும்.

அதைத் தவிர்க்க ஒரு வழி இருந்தது. சுனையின் கரையில் ஒரே ஒரு பாறைப்பொந்து உண்டு. ஒவ்வொரு வருடமும் கோடை வெயில் ஏறுவதற்கு முன் தீவில் ஓர் ஓட்டப்பந்தயம் நடக்கும். முதலில் சுனையைத் தொடுபவர், தம் வீட்டாரோடு கோடை முழுவதும் அந்தப் பொந்தில் தங்கலாம்.

ஆனால் வழக்கமான பாதையில் ஓட முடியாது. வடக்குக் கரையில் புறப்பட்டு, கடலோரமாகவே தீவைச் சுற்றி, பின்பக்கமாக மலை ஏற வேண்டும். பின்பக்கத்துப் பாதையை ஒவ்வொரு மழைக்காலமும் அழித்துவிட்டுப் போகும். புதுப் பாதை இந்த வருடம் எங்கே ஏறுகிறது என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியாது. வழியில் கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும்.

பந்தய நாள் காலையில் மூன்று பேர் வந்து நின்றார்கள். செவ்வி, ஒரு காட்டுப்பன்றி, ஓர் உடும்பு.

“உடும்பாரே, நீர் இன்றைக்குப் புறப்பட்டால்தான் அடுத்த கோடைக்காவது வந்து சேருவீர்,” என்றது பன்றி.

“பொந்து எங்கும் ஓடிவிடாது, பன்றியாரே,” என்றது உடும்பு. “என் தோல் வெடித்துக் கிடக்கிறது. ஈரப் பாறையில் படுத்தால்தான் ஆறும். வழி தவறாமல் போய்ச் சேர்ந்தால் சரி.”

ஆட்காட்டிக் குருவி குரல் கொடுத்தது. மூவரும் ஓடினார்கள்.

செவ்வியின் குளம்பு மணலில் பட்டதும் தெரியவில்லை, எடுத்ததும் தெரியவில்லை. புன்னை நிழல் வந்தது, போனது. சிப்பிகள் குவிந்த வளைவு வந்தது, போனது. பன்றியும் பின்னாலேயே வந்தது. ஆனால் நடுவில் எங்கிருந்தோ காட்டுக்கிழங்கு வாசனை அடித்தது. “ஒரே ஒரு வாய்,” என்று சொல்லிவிட்டு மண்ணைக் கிளறத் தொடங்கிய பன்றி, சாயங்காலம் வரை அங்கேயே இருந்தது. உடும்பு வெகுதூரம் பின்னால் வந்துகொண்டிருந்தது.

தாழம்புதர்களைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கரையோரமாகவே முன்னே போயிற்று. இன்னொன்று பக்கவாட்டில், பாறைகளுக்கு இடையே நுழைந்தது. அங்கே தன் வளையின் வாசலில் ஒரு நண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

“நண்டாரே, சுனைக்கு எப்படிப் போவது?” செவ்வி கேட்டாள். கால்கள் நிற்கவில்லை, நின்ற இடத்திலேயே துள்ளின.

“நேராகப் போ, தாயி. எந்தப் பக்கமும் திரும்பிவிடாதே. நேராகப் போனாயானால்...”

மீதியைக் கேட்க அவள் அங்கே இல்லை.

நேராகப் போன பாதை அலையாத்திக் காட்டுக்குள் போயிற்று. மணல் சேறாயிற்று. சேறு முழங்கால் வரை வந்தது. ‘நேராகத்தானே போகச் சொன்னார்,’ என்று செவ்வி மேலும் போனாள். அப்போது கடல் ஏறத் தொடங்கியது. வேர்களுக்கிடையில் தண்ணீர் சத்தமில்லாமல் வந்து அவள் வயிற்றைத் தொட்டது. ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் புதைந்தது. எத்தனை வேகமான கால்களாக இருந்தாலும் சேற்றில் ஒன்றுதான். வேர்களை வாயால் கடித்து இழுத்து, விழுந்து எழுந்து, அவள் கரை சேர்ந்தபோது சூரியன் உச்சியைத் தாண்டியிருந்தது.

சேறு சொட்டச் சொட்ட நண்டின் முன்னால் வந்து நின்றாள்.

“என்ன பாவம் செய்தேன் உமக்கு? பொய் வழி சொல்லிவிட்டீரே.”

நண்டின் கண்கள் இரண்டும் உயர்ந்தன. “பொய்யா? நான் பிறந்ததிலிருந்து நேராகத்தான் நடக்கிறேன். இதோ பார்.”

நண்டு நடந்து காட்டியது. அவளைப் பார்த்தபடியே, பக்கவாட்டில், பாறைகளுக்கு இடையே நுழைந்த பாதையில் விறுவிறுவென்று போயிற்று.

“இதுதான் நேர். நீங்கள் எல்லோரும் பக்கவாட்டில் நடந்துகொண்டு என்னைக் கோணல் என்கிறீர்கள்,” என்றது நண்டு. “உடும்பாரும் வந்து கேட்டார். அவருக்கும் இதையேதான் சொன்னேன். அவர் என் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, ‘நீர் நாலடி முன்னால் நடந்து காட்டும்’ என்றார். நடந்தேன். போய்விட்டார்.”

நண்டு காட்டிய வழியில் செவ்வி மெதுவாக மலை ஏறினாள். இனி ஓடி என்ன ஆகப்போகிறது?

சுனைக்கரையில் உடும்பு ஈரப் பாறையில் வயிறு படியப் படுத்திருந்தது. பொந்து அதனுடையதாகிவிட்டது. செவ்வி தண்ணீர் குடித்தாள். அந்தத் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்று நினைத்தபோது அக்காவின் வறண்ட உதடுகள் நினைவுக்கு வந்தன. தலை குனிந்தபடி வீடு திரும்பினாள்.

“பொந்து போய்விட்டது, அக்கா.”

“போகட்டும்,” என்றாள் மருதி. “நீ வந்தாயே.”

சில நாட்களில் குகை வாசலில் தேங்கியிருந்த தண்ணீர் வற்றியது. அன்று காலை இருவரும் சுனைக்குப் புறப்பட்டார்கள். செவ்வி வழக்கம்போல முன்னால் ஓடி, மேட்டில் ஏறி, திரும்பி நின்றாள். “வலப்பக்கம்” என்று சொல்ல வாயெடுத்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

கீழே மருதி, தங்கையின் குரல் வரப்போகும் திசையில் முகத்தைத் தூக்கிக் காத்திருந்தாள். இருவரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். இவளுடைய வலப்பக்கம், அவளுடைய இடப்பக்கம்.

செவ்வி மேட்டைவிட்டு இறங்கி வந்தாள். அக்காவின் பக்கத்தில், அவள் முகம் இருக்கும் திசையிலேயே தன் முகத்தையும் வைத்து, தோளோடு தோள் உரச நின்றாள்.

“இடப்பக்கம்,” என்றாள்.

மருதி தயங்கித் தயங்கிக் காலை வைத்தாள். அங்கே முள் இல்லை. இன்னொரு அடி வைத்தாள். அங்கே பாறை இல்லை.

“இன்றைக்கு வேறு பாதையா?” என்று கேட்டாள் மருதி.

“இல்லை, அக்கா. அதே பாதைதான்.”

நீதி: வழி கேட்டாலும் சரி, வழி சொன்னாலும் சரி, எதிரில் இருப்பவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று முதலில் பார்.