கூரைமேல் ஒரு பெயர்

"குருவே, இறந்தவருக்குப் பெயர் உண்டா?"

தோங் ஷி வாசலில் நின்றபடியே கேட்டார். சீடர்தான், ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர்; தனக்கென்று மாணவர்களும் உண்டு. லூ நாட்டில் வாதத்தில் அவரை வென்றவர் யாரும் இல்லை, அவருடைய அம்மாவைத் தவிர.

குரு யான் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன நடந்தது?"

"விடியும்போது அப்பா போய்விட்டார்."

"அம்மா என்ன செய்கிறார்?"

"அப்பாவின் மூக்கின்மேல் பஞ்சை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பஞ்சு அசையவில்லை. ஆனாலும் போய்விட்டார் என்று யாரையும் சொல்ல விடமாட்டேன் என்கிறாள். முதலில் நான் கூரையேறிக் கூப்பிட வேண்டுமாம்."

அது அந்த ஊர் வழக்கம். மூச்சு நின்றதும் மகன் அப்பாவின் அங்கியை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறுவான். வடக்கே பார்த்து, அவர் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவான். உயிர் திரும்பினால் நல்லது. திரும்பாவிட்டால்தான் அழுகை, குளிப்பாட்டுவது, மற்றதெல்லாம்.

பெற்றவர் பெயரைப் பிள்ளைகள் வாயால் சொல்லாத ஊர் அது. கூரைமேல் அந்த ஒரு தடவை மட்டும் சொல்லலாம்.

"போய்க் கூப்பிடுங்களேன்."

"எப்படிக் கூப்பிடுவேன், குருவே? இத்தனை வருடமாக நான் என்ன சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்? பெயர் என்பது நாலு பேர் கூடி ஒத்துக்கொண்ட சத்தம். ஆள் இருக்கும்வரை அது ஆளைக் காட்டும். ஆளே போனபிறகு எதைக் காட்டும்? காலி வீட்டுக் கதவை யாராவது தட்டுவார்களா? என் மாணவர்கள் எல்லாரும் தெருவில் நிற்கிறார்கள். சிரிக்க மாட்டார்களா?"

"நியாயம்தான்," என்றார் குரு. "உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் நான் கூப்பிடுகிறேன்."

தோங் ஷிக்கு அப்பாடா என்றிருந்தது.

இருவரும் வீட்டுக்குப் போனார்கள். அம்மா தலையைத் திருப்பவில்லை. பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரு அங்கியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். வடக்கே பார்த்து நின்றார். அங்கியை உதறினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தோங் ஷி! திரும்பி வா!"

முற்றத்தில் நின்ற தோங் ஷி ஏணியடிக்கு ஓடினார்.

"குருவே! நான் இங்கேதான் இருக்கிறேன்! உயிரோடு இருப்பவனை அப்படியா கூப்பிடுவது?"

"சத்தம்தானே?"

"நிறுத்துங்கள்! அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள்!"

குரு நிறுத்தினார். மேலிருந்தபடியே அங்கியை அவர் பக்கம் நீட்டினார்.

தோங் ஷி தெருவில் நின்ற மாணவர்களைப் பார்த்தார். பிறகு ஏறினார்.

அங்கியில் அப்பாவின் வாடை அப்படியே இருந்தது. வாயைத் திறந்தார். முதல் தடவை காற்றுதான் வந்தது. அடுத்த தடவை பெயர் வந்தது, பக்கத்தில் நின்ற குருவுக்கு மட்டும் கேட்கும்படி. கடைசியில் தெருமுனைவரை கேட்கக் கத்தினார்.

அப்பாவின் பெயர் தன் குரலில் எப்படி இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வடக்கே வயல்கள் கிடந்தன. அதற்கப்பால் மலை. தோங் ஷி பார்த்துக்கொண்டே நின்றார். நெடுநேரம் நின்றார். தான் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

இறங்கி உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அம்மா கையை நீட்டிப் பஞ்சை எடுத்தாள்.

"நீ கூப்பிட்டுமா வரவில்லை?" என்றாள். "அப்படியென்றால் போய்த்தான் விட்டார்."